பிள்ளைகளும் செய்யலாம்: தேங்காய்ச் சொக்லேட் உருண்டை

அவன் தேவையில்லாத இனிப்பு இது. பொருட்கள் அனைத்தும் அப்டன் பார்க், கிறீன் ஸ்ரீற் கடைகளில் கிடைக்கும்.

தேவையான பொருட்கள்:
உலர்ந்த தேங்காய்ப்பூ – 200 கிராம்
ரின்பால் – 200 கிராம் (397 கிராம் ரின்னில் பாதி)
வறுத்துப் பொடியாக நறுக்கிய கஜு – 50 கிராம்
கறுப்புச் சொக்லேட் – 150 கிராம்

செய்முறை:
1. தேங்காய்ப்பூ, கஜு, ரின்பால் மூன்றையும் பிசைந்து 20 சிறு உருண்டைகளாகப் பிடியுங்கள். அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள்.
2. சொக்லேட்டைத் துண்டுகளாக்கிக் கிண்ணத்தில் இட்டு, சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். இதைப் பெரியவர்களே செய்யவேண்டும். ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் சொக்லேட் கட்டிபட்டுவிடும்.
3. உருண்டைகளை அதில் தோய்த்தெடுத்து மீண்டும் குளிரவிடுங்கள்.

பெற்றோர் கவனத்திற்கு:
கோயிலில் கொடுப்பதைப் பிள்ளைகள் கேள்வி கேளாமல் வாயில் போட்டுக்கொள்வார்கள். கஜு ஒவ்வாத பிள்ளைக்கு ஓர் உருண்டையே உயிராபத்தாகலாம். ஆகவே பெட்டியின் மேல் "கஜு, பால் சேர்ந்தது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். இந்நாட்டுச் சட்டம் குறிப்பிடும் 14 ஒவ்வாமைப் பொருட்களில் இவ்விரண்டும் அடங்கும். சொக்லேட் உறையில் சோயா முதலியவை குறிப்பிடப்பட்டிருந்தால் அவற்றையும் சேர்த்து எழுதுங்கள். எல்லோருக்கும் பகிர்வதானால் கஜுவுக்குப் பதில் பேரீச்சம்பழம் சேர்ப்பது நல்லது. உண்டபின் யாருக்காவது மூச்சுத் திணறினால் உடனே 999 அழையுங்கள்.