மோட்டார் வண்டிகளின் விலங்குப் பொறிகள்

பழைய மோட்டார் வண்டிகளின் முகப்பை உற்று நோக்குவோர் ஆங்கு ஒரு சிறிய விலங்குச்சாலையையே காண்பர். ஒன்றில் சிங்கம் நிமிர்ந்து நிற்கும். ஒன்றில் குதிரை முன்கால்களைத் தூக்கும். மற்றொன்றில் சிறுத்தை இனத்து விலங்கொன்று பாயும். விரைந்தோடும் வண்டிக்கு விரைந்தோடும் விலங்கை உவமையாக்கினர் போலும் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகின்றோம். அம்முடிவு பெரும்பாலும் பொருந்தாது என்பதே ஈண்டு நாம் காட்டக் கருதுவது.

இவ்வாராய்ச்சியில் நம்மவர்க்கு ஒரு வசதியுண்டு. ஊர்தி வேறு, கொடி வேறு என்னும் பாகுபாட்டை நாம் இளமையிலேயே அறிவோம். திருச்செந்தூர் முருகனுக்கு ஊர்தி மயில். அவன் கொடியில் இருப்பதோ சேவல். ஊர்தி சுமந்து செல்வது. கொடி இன்னார் என்று அறிவிப்பது. மோட்டார் வண்டியின் நெற்றியில் உள்ள விலங்கு ஊர்தியைப்போலத் தோன்றினும் கொடியின் இனத்தைச் சேர்ந்ததேயாம்.

பாண்டியரின் கயற்பொறியை எடுத்துக்கொள்வோம். பொருநை கடலொடு கலக்குமிடத்தில் முத்துக்குப் பெயர்பெற்று விளங்கிய கொற்கை இன்று கடலைவிட்டுச் சில மைல் உள்ளே நிற்கும் சிற்றூர். சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக்காசுகளில் ஒருபுறம் யானை, குதிரை போன்ற உருவங்களும், மறுபுறம் கோடுகளால் அமைந்த மீனும் உள்ளன. ஒருபுறத்து விலங்கு காசுக்குக் காசு மாறும். மறுபுறத்து மீன் நிலைத்திருக்கும். அங்ஙனம் நிலைத்திருப்பதனையே பொறி என்கின்றோம். மீன் விரைந்து நீந்தும் என்பதற்காகப் பாண்டியர் அதனைக் கொண்டனர் என்று ஒருவரும் கூறார். கடற்றுறையை ஆண்ட குடிக்கு மீன் அடையாளமாயிற்று என்று கொள்வதே இயல்பாகத் தோன்றுகின்றது.

இக்கண்கொண்டு மேனாட்டு வண்டிகளை நோக்குவோம். ஜெர்மனியின் போர்ஷே வண்டியில் 1952-ஆம் ஆண்டு முதல் காணப்படும் கருங்குதிரை, அவ்வாலை அமைந்த ஸ்டுட்கார்ட் நகரின் சின்னம். அந்நகரின் பெயரே பெண்குதிரைகளை வளர்த்த தோட்டம் எனப் பொருள்படும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது.

ஆங்கிலநாட்டு வாக்ஸ்ஹால் வண்டியின் வரலாறு இதனினும் சுவையுடையது. அதன் பொறி, கழுகின் தலையும் சிங்கத்தின் உடலும் கொண்ட கிரிபின் என்னும் கற்பனை விலங்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜான் மன்னனிடம் பணிபுரிந்த பால்க்ஸ் என்னும் படைத்தலைவன் அதனைத் தன் சின்னமாகக் கொண்டிருந்தான். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் மணவழியாக அவன் பெற்ற மாளிகை 'பால்க்ஸ் ஹால்' எனப்பட்டு, நாவிற் பட்டுத் தேய்ந்து வாக்ஸ்ஹால் ஆயிற்று. அவ்விடத்தில் 1857-ஆம் ஆண்டில் எழுந்த இரும்பாலை 1903-ஆம் ஆண்டில் மோட்டார் வண்டி செய்யத் தொடங்கி, 1905-ஆம் ஆண்டில் லூட்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. பழைய பால்க்ஸ் பெற்றிருந்த மானியங்களுள் லூட்டனும் ஒன்று! அறுநூறு ஆண்டுகட்கு மேல் கழித்து அவன் கிரிபின் தன் ஊருக்கே திரும்பிற்று எனலாம். நம் சாலைகளிற் சுமையேற்றித் திரிந்த பெட்போர்டு லாரிகளும் இவ்வாலையாரே செய்தவை.

பிரான்சு நாட்டுப் பெழோ குடும்பத்தாரின் சிங்கமோ வண்டிக்கென்று பிறந்ததேயன்று. அவர்கள் முதலில் இரம்பம் செய்தவர்கள். இரம்பத்தின் பற்கள் சிங்கத்தின் பற்கள்போல உறுதியுடையன. அதன் தகடு சிங்கத்தின் முதுகெலும்புபோல வளைந்து கொடுப்பது. அறுக்கும் விரைவு சிங்கத்தின் பாய்ச்சல் போன்றது என்று காட்டவே அப்பொறியை அமைத்து 1858-ஆம் ஆண்டிற் பதிவு செய்தனர். மோட்டார் வண்டி செய்யும் எண்ணம் அக்குடும்பத்தார்க்கு எழ அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. இத்தாலிய பெராரியின் குதிரை, 1918-ஆம் ஆண்டில் முதலாம் உலகப்போரில் உயிர்நீத்த வானவீரர் பரக்காவின் விமானத்தில் இருந்தது. அவருடைய தாயார் அதனைப் பந்தய வீரர் பெராரிக்கு அளித்தனர். குதிரைக்குப் பின்னுள்ள மஞ்சள் மோடெனா நகரின் நிறம்.

விரைவையும் வனப்பையும் கருதியே விலங்கைத் தேர்ந்தவர்களும் இல்லாமலில்லை. விலங்கு, பறவை, மீன் ஆகியவற்றின் பெயர்ப்பட்டியலிலிருந்து 1935-ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெயர் ஜாகுவார். 1972-ஆம் ஆண்டில் சென்னை ஸ்டாண்டர்டு ஆலையார் தம் வண்டிக்கு இட்ட கெஸல் என்னும் மான்பெயரும் இவ்வகையினதே. இவை அழகியவை, எனினும் இவற்றைத் தோண்டினால் ஊரோ குடியோ கிடைப்பதில்லை.

நமக்கு மிக அண்மையில் ஓடிய ஒரு விலங்கை இறுதிக்கென்று நிறுத்தினோம். ஆங்கிலத்தில் 'ஆக்ஸ்' என்பது எருது. 'போர்டு' என்பது இறங்கிக் கடத்தற்குரிய ஆற்றுத்துறை. ஆதலின் ஆக்ஸ்போர்டு என்பது எருதுத்துறை. குறுக்குத்துறை, சிந்துபூந்துறை, கருப்பந்துறை என்று நாளும் வழங்கும் நெல்லையார்க்கு இத்தகைய பெயர் புதிதன்று. 1843-ஆம் ஆண்டில் சுலோசன முதலியார் பாலம் அமையுமுன் பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் இடையே துறைதானே வழி! ஆக்ஸ்போர்டு நகரச் சின்னத்தில், நீலமும் வெள்ளையுமான அலைகளின்மேல் ஒரு சிவந்த எருது நீரைக் கடக்கின்றது. அந்நகரில் மிதிவண்டி செய்து பிழைத்த வில்லியம் மாரிஸ் 1913-ஆம் ஆண்டில் மோட்டார் வண்டி செய்யத் தொடங்கினார். அவர் ஆலையின் வண்டிகளிற் பொறியாய் அமைந்தது அவ்வெருதே. முதல் வண்டியின் முகப்பு உருண்டிருந்தமையால் அதனைத் துப்பாக்கிக் குண்டுக்கு ஒப்பிட்டு அழைத்தனர் என்றும், அப்பெயரே குறுகிக் 'காளைமூக்கு' ஆயிற்று என்றும் கூறுவர். எருதுப்பொறி இருக்க, மூக்குக்கும் காளையே காரணம் என்று பின்வந்தோர் நம்பியிருந்தால் வியப்பில்லை.

அம்மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையே, 1950-களின் பிற்பகுதியில், கல்கத்தாவையடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார் ஆலையாரால் அம்பாசிடர் எனப் பெயர்மாறிற்று. 2014-ஆம் ஆண்டு மே மாதம்வரை அவ்வண்டி அங்குச் செய்யப்பட்டது. உருவம் மாரிஸ் வண்டியின் உருவமே. பெயர் மாறியபோது எருது இறங்கிவிட்டது. திருமணத்துக்கும் மருத்துவமனைக்கும் நம்மவரை ஏற்றிக்கொண்டு பொருநைப் பாலத்தின்மேல் எத்தனையோ ஆயிரம் முறை சென்று திரும்பிய அவ்வண்டியின் முகப்பில், ஆற்றைக் கடக்கும் அவ்வெருதை மட்டும் நாம் கண்டதில்லை.