கணிப்பொறியில் ஒரு போர்

சதுரங்கம் ஆடும்போது, "இந்தக் குதிரையை நகர்த்தினால் எதிராளி என்ன செய்வார்?" என்று மனத்துக்குள் ஆடிப் பார்க்கிறீர்கள் அல்லவா? படைத் தலைவர்களும் அப்படித்தான். 1824-இல் பிரஷ்யப் படை அதிகாரி ராய்ஸ்விட்ஸ், நிலப்படமும் பகடையும் கொண்டு ஆடும் போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். இன்று அந்தப் பணியைக் கணிப்பொறி செய்கிறது.

போரைக் கணக்காக மாற்றுவது எப்படி? ஆங்கிலப் பொறியியலாளர் லான்செஸ்டர் 1916-இல் வெளிவந்த தம் நூலில் ஒரு வழி காட்டினார். ஒரு படை எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பது, அதைச் சுடும் எதிரிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று கொண்டார்.

நீலப் படையில் 1,000 பேர், சிவப்புப் படையில் 800 பேர், திறமை சமம். சிவப்புப் படை முற்றிலும் அழியும் வரை போர் நடந்தால், நீலத்தில் எஞ்சுவோர் எத்தனை பேர்? 200 என்று சொல்லத் தோன்றும். ஆனால் சிவப்புப் படை குறையக் குறைய, அது சுடும் குண்டுகளும் குறைகின்றன. ஆகவே எண்களை அல்ல, அவற்றின் வர்க்கங்களைக் கழிக்க வேண்டும்.

10,00,000 − 6,40,000 = 3,60,000

இதன் வர்க்கமூலம் 600. எஞ்சுவோர் 600 பேர்!

அதே 800 பேர் நானூறு நானூறாகப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்தால்? முதல் மோதலுக்குப் பின் நீலத்தில் ஏறத்தாழ 917 பேரும், இரண்டாவதற்குப் பின் 825 பேரும் இருப்பார்கள். படையைப் பிரிக்கலாமா கூடாதா என்ற முடிவுக்கு இக்கணக்கு துணை செய்கிறது.

உண்மைக் களத்தில் மலை, மழை, எரிபொருள் எல்லாம் உண்டு. கணிப்பொறி காலத்தைச் சிறு சிறு கூறுகளாக்கி, ஒவ்வொன்றிலும் இவற்றைக் கணக்கிடுகிறது. குண்டு பட்டதா, தவறியதா என்பதைத் தற்செயல் எண்களால் தீர்மானிக்கிறது. ஒரே போரைப் பலநூறு முறை நடத்தி, எத்தனை முறை வெற்றி என்று எண்ணிச் சொல்கிறது.

அதை முழுவதும் நம்பலாமா? 2002-இல் அமெரிக்கா, கணிப்பொறியும் உண்மைப் படைகளும் சேர்ந்த பெரும் போர்ப் பயிற்சி ஒன்றை நடத்தியது. எதிரியாக ஆடியவர் ஓய்வுபெற்ற தளபதி பால் வான் ரைப்பர். வானொலிச் செய்திகள் ஒட்டுக்கேட்கப்படும் என்பதால், மோட்டார் சைக்கிளில் தூதர்களை அனுப்பினார். ஏவுகணைகளாலும் சிறு படகுகளாலும் திடீரெனத் தாக்கினார். கணிப்பொறிக் கடலில் 16 போர்க்கப்பல்கள் மூழ்கின. பயிற்சியை நடத்தியவர்களோ அக்கப்பல்களை மீண்டும் மிதக்கவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தனர். எதிரியின் செயல்களுக்கும் கட்டுப்பாடு விதித்தனர். வான் ரைப்பர் விலகிக்கொண்டார்.

நாம் தரும் விதிகள் மட்டுமே கணிப்பொறிக்குத் தெரியும். கசப்பான விடையை மாற்றிக்கொண்டால் கணக்குப் போட்டதில் பயன் இல்லை. நம் முதல் கணக்கை மீண்டும் பாருங்கள்: வென்றவர் தோற்றவர் இருவரையும் சேர்த்து இழப்பு 1,200 பேர். அந்தப் போர் தேவையா என்ற கேள்வியை மனிதர்தாம் கேட்க வேண்டும்.

பயிற்சி: சிவப்புப் படையில் 600 பேர் இருந்தால், நீலத்தில் எஞ்சுவோர் எத்தனை பேர்?