ரோமாபுரிச் சரித்திரத்தில் நஞ்சும் மாதரும்

பெரியார் ஒருவர் திடீரென இறப்பின், அவர்க்கு யாரோ நஞ்சூட்டினர் என்னும் வதந்தி எழுதல் எந்நாட்டிற்கும் இயல்பு. ரோமாபுரியின் சரித்திர நூல்களிலோ அவ்வதந்தி பெரும்பாலும் மாதர்மேலேயே சென்று நிற்கின்றது. இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வாம்.

இலத்தீன் மொழியில் 'வெனேனம்' என்னும் ஒரு சொல்லே நஞ்சு, மருந்து, வசிய மருந்து ஆகிய மூன்றையும் குறிக்கும். ஆகவே, நோயுற்றார்க்கு மருந்து காய்ச்சிக் கொடுத்த மனையாட்டி, நோயாளி இறந்துபடின் ஐயத்திற்கு உரியளாதல் எளிதாயிற்று.

கி.மு. 331-இல் நகரத் தலைவர் பலர் ஒரேவகை நோயால் மாண்டனர் என்று லிவி எழுதுகின்றார். பணிப்பெண் ஒருத்தி குலமாதர் சிலரைக் காட்டிக்கொடுத்தாள். அவருள் இருவர், தாம் காய்ச்சியவை நலந்தரும் மருந்துகளே என்றனர். அங்ஙனமாயின் பருகிக் காட்டுக எனப் பணிப்பெண் கூற, பிடிபட்டார் அனைவரும் பருகி இறந்தனராம். பின்னர் 170 மாதர் வரையில் தண்டனை பெற்றனர். ஆயினும், ஆசிரியர் எல்லாரும் இதனைக் கூறிற்றிலர் என்றும், இது பொய்யாயிருத்தலையே தாம் விரும்புவதாகவும் லிவியே உரைக்கின்றார். அவ்வாண்டு மாண்டார் கொள்ளைநோயால் மாண்டிருத்தல் கூடுமன்றோ?

கி.பி. 19-இல் திபேரியு இராயனின் வளர்ப்பு மகனாகிய ஜெர்மானிக்கஸ் அந்தியோகியாவில் இறந்தான். அவன் தங்கிய மாளிகையில் மனித உடலின் எச்சங்களும், சாப மந்திரங்களும், அவன் பெயர் பொறித்த ஈயத் தகடுகளும் கண்டெடுக்கப்பட்டன என்பர் டாசிட்டஸ். சீரியாவின் தேசாதிபதியாகிய பீசோவின்மீதும் அவன் மனைவி பிளாங்கினாமீதும் பழி சுமந்தது. மறு ஆண்டு நிகழ்ந்த விசாரணையில், ஏனைய குற்றங்கள் நிற்க, நஞ்சூட்டிய குற்றம் ஒன்றே மறுக்கப்பட்டதாகத் தோன்றியது என்பதும் அவர் கூற்றே. பீசோ கழுத்தறுபட்டு மாண்டு கிடந்தான். பிளாங்கினாவோ இராயனின் தாய் லிவியாவின் வேண்டுகோளால் மன்னிக்கப்பெற்றாள். ஸ்பெயின் நாட்டிற் கிடைத்து 1996-இல் பதிப்பிக்கப்பெற்ற ஆலோசனைச் சபையின் வெண்கலச் சாசனமும் இம்மன்னிப்பை உறுதிப்படுத்துகின்றது.

இவற்றால் விளங்குவது யாது? ரோமாபுரியில் மாதர்க்கு அரசாங்கப் பதவி ஒன்றும் இல்லை. எனினும் லிவியா போன்றார்க்குச் செல்வாக்கு மிகுதியாயிருந்தது. பதவியின்றிப் பெற்ற அவ்வலிமையை விளக்கப் புகுந்தோர், மறைவான வழிகளாகிய நஞ்சையும் மந்திரத்தையும் எளிதிற் கற்பித்தனர். அகுஸ்து இராயன் கி.பி. 14-இல் முதிய வயதில் இறந்தபொழுதும், மனைவியைச் சிலர் ஐயுற்றனர் என்று டாசிட்டஸ் குறித்துச் செல்கின்றார். 'சிலர்' யாவர் என்று அவர் சொல்லிற்றிலர்.

நஞ்சூட்டியோர் ஒருவருமே இலர் என்பது நம் கருத்தன்று. கண்டதும் கேட்டதும் வெவ்வேறு என்பதை மறவாது, சான்றினை நிறுத்துப் பார்த்தலே சரித்திரம் கற்பார் கடமையாம். இறந்தார் தம்மேல் வந்த பழிக்கு விடை கூற எழுந்து வாரார். அவர்பொருட்டு வினவுதற்கு உரியார் நாமே.