கரப்பானும் பத்தியமும்

கார்த்திகை பிறந்து வடபுலத்துக் குளிர் விடுதிச் சன்னல்களுக்குள் நுழையத் தொடங்கியதும், நம் தமிழ் மாணவர் சிலருக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் அரிப்பு தோன்றுகிறது. சொறியச் சொறியத் தோல் சிவக்கிறது, நீர் கசிகிறது, நாளடைவில் தடித்துக் கறுக்கிறது. உடனே விடுதி உணவின்மேல் பழி விழுகிறது. "கோதுமை நமக்கு ஒத்துக்கொள்ளாது, கடுகெண்ணெய்தான் காரணம்" என்கிறார் ஒருவர். வீட்டிற்குச் செய்தி போனால், "கத்தரிக்காயையும் கருவாட்டையும் தொடாதே, அவை கரப்பான் பண்டம்" என்று மறுமொழி வருகிறது. ரொட்டி போயிற்று, காய் போயிற்று, முட்டையும் போயிற்று. தயிர்ச்சோறும் ஊறுகாயுமாகத் தேர்வுக் காலம் கழிகிறது. அரிப்பு மட்டும் போகவில்லை. இந்தப் பத்தியத்தில் உண்மை எவ்வளவு என்பதைச் சற்று ஆராய்வோம்.

கரப்பான் என்பது யாது?

ஆங்கில மருத்துவர் எக்ஸிமா என்று சொல்லும் நோயை நம் முன்னோர் கரப்பான் என்றனர். எக்ஸிமா என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கொதித்துப் பொங்குதல் என்பது பொருள். இது தொற்றுநோய் அன்று. ஒரே அறையில் படுப்பதாலோ ஒரே தட்டில் உண்பதாலோ பரவாது. இரத்தம் கெட்டதால் வருவதென்பதும் தவறு.

நம் மேல்தோலை ஒரு மதிலுக்கு ஒப்பிடலாம். தோலின் உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் காரை. மதில் நன்றாக இருந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது. வெளியிலுள்ள தூசும் கிருமியும் உட்புகா. பிலாக்ரின் என்ற புரதம் இம்மதிலை உறுதியாக்குகிறது. அப்புரதத்தை ஆக்கும் மரபணுவிற் குறையுள்ளவர்களுக்குக் கரப்பான் எளிதில் வருகிறதென்று 2006ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். கரப்பானுடையோர் பலரிடம் இக்குறை இல்லை என்பதும் உண்மையே. ஆயினும் மதில் பழுதுபட்டிருப்பது எல்லாரிடத்தும் காணப்படுகிறது.

இனி விடுதிக்குத் திரும்புவோம். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் வளர்ந்தவன் இங்கே வறண்ட குளிரில் நிற்கிறான். கொதிக்கும் வெந்நீரில் நெடுநேரம் குளிக்கிறான். காரமான சோப்பைத் தேய்க்கிறான். கம்பளிச் சட்டையை வெற்றுடம்பில் அணிகிறான். நான்கும் மதிலை இடிப்பவை. அதே மாதங்களில் உணவும் மாறியிருப்பதால், குற்றம் ரொட்டியின் தலையில் விழுந்துவிடுகிறது!

உணவுக்குப் பங்கே இல்லையா?

உண்டு, ஆனால் நாம் எண்ணும் அளவுக்கு இல்லை. உணவு ஒவ்வாமை பெரும்பாலும் விரைவில் வெளிப்படும். உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றும். இதற்குக் காரணமான ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளை 1966ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்களான இஷிசாகா தம்பதியர் அறிவித்தனர். மற்றொரு வகையில், சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துக் கரப்பான் மிகும். இவ்விரண்டும் கடுமையான கரப்பானுள்ள கைக்குழந்தைகள் சிலரிடம் காணப்படுகின்றன. பாலும் முட்டையும் அங்கே முதன்மையானவை. வளர்ந்தவர்களிடம் உணவால் கரப்பான் பெருகுவது அரிது.

இரத்தச் சோதனையில் ஓர் உணவின் பெயர் வந்துவிட்டாலே அதை விலக்க வேண்டுமென்பதில்லை. சோதனை காட்டுவது உடலின் முனைப்பை; உண்டால் நோய் வருமா என்பதை உண்டுதான் அறிய முடியும். நம் கத்தரிக்காயையே மைசூரில் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கத்தரிக்காய் ஒவ்வாமை உண்மையில் உள்ளது. ஆனால் ஆராயப்பட்டவர்களில் அது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. பாட்டியின் சொல் முழுப் பொய்யுமன்று. எல்லார்க்கும் உரிய விதியுமன்று.

அதே 2008ஆம் ஆண்டில் காக்ரேன் குழுவினர், பத்தியத்தால் கரப்பான் தணிகிறதா என்று பார்த்த 9 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். அவற்றிற் பங்கு கொண்டோர் 421 பேர். ஒவ்வாமை உண்டா என்று பாராமலே பாலையும் முட்டையையும் விலக்கியதால் பயன் தெரியவில்லை. முட்டைக்கு ஒவ்வாமை இருப்பதாக ஐயுறப்பட்டு, சோதனையிலும் அது தெரிந்த குழந்தைகளுக்கு மட்டும் முட்டை விலக்கு ஓரளவு உதவக்கூடும் என்றனர்.

வீண் பத்தியத்தின் கேடு

"பயனில்லாவிட்டால் போகிறது, தீங்கில்லையே!" என்று சிலர் கூறலாம். தீங்கு உண்டு. ஊரில் நம் அக்காளின் குழந்தைக்குக் கரப்பான் என்றால், பால், முட்டை, மீன், கடலை அனைத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். தாய்க்கும் பத்தியம் வைக்கிறார்கள். வளரும் குழந்தை மெலிகிறது. அதைவிடப் பெரிய ஆபத்தும் ஒன்றுண்டு. ஒவ்வாமை முனைப்புள்ள குழந்தை, நாளும் தின்று பழகிய உணவை நெடுங்காலம் நிறுத்திவிட்டு மீண்டும் தின்னும்போது, உயிருக்கே இடரான ஒவ்வாமை தோன்றியதுண்டு.

2015ஆம் ஆண்டில் முடிவு வெளியான இலண்டன் ஆய்வு ஒன்று இதற்கு நல்ல சான்று. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வேர்க்கடலையை ஐந்து வயதுவரை விலக்கினர். மற்றதற்கு முறையாக ஊட்டினர். விலக்கியவர்களில் நூற்றுக்கு 17 பேருக்குக் கடலை ஒவ்வாமை வந்தது. உண்டவர்களில் 3 பேருக்கே வந்தது. (முன்பே மிகுந்த ஒவ்வாமை தெரிந்த குழந்தைகளை அவர்கள் சேர்க்கவில்லை. முழுக்கடலை குழந்தையின் தொண்டையில் சிக்கும் என்பதையும் மறக்கலாகாது.) வாய்வழி சென்ற உணவை உடல் உறவாக ஏற்கப் பழகுகிறது, புண்பட்ட தோல்வழி நுழைந்த அதே உணவைப் பகையாகக் கருதுகிறது என்பது இன்று வல்லுநர் பலர் ஏற்கும் கருத்து.

ஐயம் தீர்க்கும் வழி

ஓர் உணவின்மேல் உங்களுக்கு உண்மையாகவே ஐயம் இருந்தால், இவ்வாறு செய்து பாருங்கள்:

1. தோலுக்குரிய மருத்துவத்தை முதலில் ஒழுங்காகச் செய்து, அதன் பின்னரே உணவைச் சோதியுங்கள்.
2. ஒரு நேரத்தில் ஓர் உணவை மட்டும் நான்கு வாரம் விலக்குங்கள். அரிப்பையும் உறக்கத்தையும் நாள்தோறும் குறித்து வாருங்கள்.
3. பிறகு அதே உணவை மீண்டும் உண்ணுங்கள். இந்தப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். விலக்கியபோது தணிந்து, உண்டபோது மீண்டும் எழுந்தால் மட்டுமே அவ்வுணவு குற்றவாளி. மாற்றமில்லையேல் விடுதலை செய்துவிடுங்கள்.

உதடு வீங்குதலோ மூச்சுத் திணறலோ ஒருமுறையேனும் வந்திருந்தால் இச்சோதனை கூடவே கூடாது. குழந்தைகளுக்கும் கூடாது. அவை மருத்துவர் முன்னிலையில் நடைபெற வேண்டியவை.

முதற்கடமை தோலுக்கே

வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிடம் குளித்தால் போதும். ஈரத்தை ஒற்றியெடுத்து, தோல் காயுமுன் வாசலின் போன்ற மணமற்ற களிம்பைத் தாராளமாகத் தடவுங்கள். கம்பளிக்குள் பருத்திச் சட்டை இருக்கட்டும். இங்குள்ள நண்பர்களைப் பார்த்துக் குளிருக்குக் கடுகெண்ணெய் பூசாதீர்கள். அவ்வெண்ணெய் தோலின் மதில் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறதென்று 2002ஆம் ஆண்டில் வெளிவந்த எலி ஆய்வு காட்டிற்று. தட்டில் இருக்கும்வரை அது குற்றமற்றது! கடலைமாவையும் பயற்றமாவையும் வெடித்த தோலில் தேய்ப்பதும் நன்றன்று.

சிவந்து எழும்பிய காலத்தில் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பை அவர் சொன்ன நாளளவு போடுங்கள். கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். வட்டமாக விளிம்பு தடித்துப் பரவுவது கரப்பானன்று, படை. அதற்கு ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு தணிவதுபோல் காட்டிவிட்டு, படை உடலெங்கும் பரவும்.

நண்பர்களே, பத்தியம் என்பது காரணம் அறிந்தபின் காக்க வேண்டிய ஒழுங்கு. காரணம் அறியாமல் காத்தால் அது பட்டினி. அடுத்தமுறை அரிப்பு வரும்போது தட்டைத் தள்ளுமுன் குளியலறை வெந்நீரைக் கவனியுங்கள். ஊரிலிருக்கும் அக்காளிடமும் இதைச் சொல்லுங்கள். அந்தக் குழந்தைக்கு எதை நிறுத்துவது, எதைத் தருவது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.