பூட்டியின் கல்

கோயம்புத்தூர்,
செப்டம்பர் 14

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தையும் பார்த்தேன். கறுப்பு கிரானைட்டில் மேடை, சுற்றிலும் ஸ்டீல் குழாய் வேலி, தங்க எழுத்தில் பேர். பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனால் பணத்தை நான் தொடவில்லை, பேங்கிலேயே கிடக்கிறது. கோபப்படாதே. போனில் காரணம் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பெயர்த்துப் போடச் சொல்லும் அந்தக் கல் 1898-இல் நட்டது. எனக்குப் பூட்டி, உனக்கு இன்னும் ஒரு படி மேலே. மூன்றாவது பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவள். அவளுக்குப் போட்டோ கிடையாது, அவள் கையெழுத்து கிடையாது, பித்தளைச் சொம்பு ஒன்றுகூட மிச்சமில்லை. அவள் இருந்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் உள்ள ஒரே சாட்சி சுங்கத்துக்குப் பக்கத்தில், திருச்சி ரோட்டு இரைச்சலுக்கு நடுவில் கிடக்கும் அந்த மூன்றடிக் கல்தான்.

அந்தக் கல்லை நீ வாசித்துப் பார்த்திருக்கிறாயா? வாசித்திருக்க மாட்டாய், உச்சி வெயிலில் போனால் ஒரு எழுத்தும் தெரியாது. காலை ஏழு மணிக்குப் போ. வெயில் சாய்வாக விழும்போது எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். வெயில் ஒத்துழைக்கவில்லையென்றால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிட்டால் போதும். தேதி 1898௵ ஆகஸ்டு௴ 11௳ என்று இருக்கும். வருஷம், மாசம், தேதிக்கு அந்தக் காலத்தில் போட்ட குறிகள் அவை. 'லை'யும் 'னை'யும் யானைத் தும்பிக்கை மாதிரி சுழித்துக்கொண்டு போகும். 1978-இல் அரசாங்கம் எழுத்தை மாற்றியதற்கு முன்னால் நாங்களெல்லாம் அப்படித்தான் எழுதிப் பழகினோம். கல் கொத்தினவர் ஓரிடத்தில் புள்ளியை விட்டுவிட்டார். புதுக் கல்லில் இதெல்லாம் 'சரி' செய்யப்பட்டு, கம்ப்யூட்டர் எழுத்தில் வரும். அப்புறம் அது பூட்டியின் கல் இல்லை, உன் கல்.

நானும் பாவம் செய்தவள்தான், அதையும் கேள். இருபத்தைந்து வருஷம் இருக்கும். பீடத்தில் செங்கல் தெரிகிறதே, பார்க்கச் சகிக்கவில்லையே என்று ஒரு கொத்தனாரைப் பிடித்து முழுக்க சிமெண்ட் பூசச் சொன்னேன். அடியில் இருந்தது சுண்ணாம்புக் காரை. மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. நாலைந்து மழை பார்த்ததும் உள்ளே செங்கல் பொடிந்து உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. நூறு வருஷம் நின்ற பீடம் என் கைக்கு ஐந்து வருஷம்கூடத் தாங்கவில்லை. பக்கத்தில் அப்பாரு கல்லறையில் இருக்கும் பளிங்குப் பலகை ஏன் மங்கிப் போய்க் கிடக்கிறது தெரியுமா? பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தேன். பளிங்கை ஆசிட் கரைத்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் நடத்தின ஆள் நான்.

ஆகவே, வெறும் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், பொறுமை. இவ்வளவுதான் சாமான். பாசி இருந்தால் நனைத்து ஊறவிட்டு மூங்கில் குச்சியால் சுரண்டு, இரும்புப் பிரஷ் வேண்டாம். பீடத்து இடுக்கில் அரசஞ்செடி முளைத்திருக்கும், அதைப் பிடுங்காதே, பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து வரும். அடியோடு வெட்டு, துளிர்த்தால் மறுபடி வெட்டு. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்க வேண்டும், கையுறை போட்டுக்கொள். சந்து அடைக்கச் சுண்ணாம்பும் மணலும் போதும்.

நேரமும் முக்கியம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் ஓடிப் போய் வெள்ளையடிப்பது நம் ஊர்ப் பழக்கம். நமக்குப் பெரிய மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான். அடித்த வெள்ளை அடுத்த வாரமே கரைந்து ஓடும். பீடத்து வேலையைச் செப்டம்பரிலேயே முடித்துவிடு. நவம்பரில் செண்டுமல்லியும் மெழுகுவத்தியும் கொண்டுபோனால் போதும். மெழுகுவத்தியைக் கல்மேல் ஒட்டாதே, அகலில் வை.

'இதையெல்லாம் பார்க்க சபையில் ஆள் இல்லையா' என்று கேட்டாய். லண்டன் மிஷன் ஆடிஸ் ஐயர் 1830-இல் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எத்தனை பேரை நாம் மண்ணுக்குள் வைத்திருப்போம்! கமிட்டி மதில் கட்டும், புதர் வெட்டும், கேட்டுக்குப் பூட்டுப் போடும். ஒவ்வொரு கல்லையும் அதனால் பார்க்க முடியாது. வெள்ளைக்காரர் கல்லறைகளுக்காவது வேறு ஆள் இருந்தது. காட்டன் என்ற ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி மெட்ராஸ் ராஜதானி முழுக்க உள்ள கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905-இல் ஒரு தடித்த புத்தகமே போட்டார். லண்டனில் அவர்களுக்கென்று 1976-லிருந்து ஒரு சங்கமும் இருக்கிறது. நம் பூட்டியை எந்தப் புத்தகத்தில் தேடுவாய்?

ஆனால் சொந்தக்காரர்தான் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. ஜி.யு. போப் ஆக்ஸ்ஃபோர்டில் செபுல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார், 1908-இல் அடக்கம் ஆனவர். அந்தக் கல்லைக் குடும்பத்தாரோடு சேர்ந்து தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் வைத்தார்கள் என்று அதிலேயே பொறித்திருக்கிறது. அதனால் நீ பிரஷோடு போகும்போது பக்கத்துக் கல்லுக்கும் ஒரு குடம் தண்ணீர் ஊற்று. அந்த வீட்டு வாரிசு கனடாவில் இருக்கிறதோ, இல்லவே இல்லையோ.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் இடத்தில் கல் உள்ளவை நாலு, கல் இல்லாதவை மூன்று. பிளேக் வந்த வருஷங்களில் கல் வைக்க யாருக்கு நேரம், யாரிடம் பணம்? ஊரே வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே குடிசை போட்டுக்கொண்டு கிடந்ததாக அப்பாரு சொல்வார். இங்கே பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்னும் நிற்பது அந்தப் பயத்தின் மிச்சம்தான். அப்பாருவின் அண்ணன் அப்போது போனவர். பூட்டி கல்லின் தலைமாட்டிலிருந்து கிழக்கே ஆறடி, நந்தியாவட்டைக்கு இந்தப் பக்கம். இதை அப்பாரு எனக்குக் காலால் அளந்து காட்டினார். நான் உன் அப்பாவுக்குக் காட்டினேன், அவனும் போய்விட்டான். உன் ஸ்டீல் வேலியின் தூண் சரியாக அந்தக் குழிமேல்தான் இறங்கும்.

ரிட்டயர் ஆன வருஷம் கொடுமணலுக்குப் போனேன். சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரை. 1985 முதல் அங்கே தோண்டிக் கல்வட்டங்களையும் கற்பதுக்கைகளையும் கண்டுபிடித்தார்கள். சூதுபவள மணி பட்டை தீட்டிய ஊர், பானை ஓட்டில் பேர் கீறத் தெரிந்த ஊர். வட்டம் வட்டமாகக் கல் நிற்கிறது, எந்தக் குழியில் யார் என்று சொல்லத்தான் ஆளில்லை. அங்கே நின்றபோது எனக்கு அப்பாருவின் அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. இடத்தின் படம் போடு, அளவை டேப் வைத்து எழுது, கல்லில் உள்ளதைப் பிழையோடு அப்படியே பிரதி எடு. ஒரு காப்பி சர்ச் ஆபீசில் கொடு. அடக்கப் பதிவேட்டில் நம் பேர்களையும் சரிபார்த்துக்கொள். ரசீதுகள் என் பீரோவின் நடுத் தட்டில், பழைய பைபிளுக்குள் இருக்கின்றன. நிலம் நமக்குச் சொந்தமில்லை, சபையுடையது. அடக்கம் செய்ய உரிமை மட்டும்தான் நம்முடையது. ஒரு செங்கல்லை நகர்த்துவதானாலும் கமிட்டியில் எழுதிக் கேட்க வேண்டும்.

குழி வெட்டுகிற அண்ணனை மறக்காதே. அவர் அப்பாவும் இங்கேதான் வேலை பார்த்தார். எந்தக் குழி எப்போது திறந்தது என்று ரிஜிஸ்டரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நவம்பரில் மட்டும் நூறு ரூபாயை நீட்டிவிட்டு வராதே. வீட்டு விசேஷத்துக்குச் சொல்லி அனுப்பு.

எனக்குத் தனி இடம் தேட வேண்டாம். உன் மாமாவை வைத்து பதினெட்டு வருஷம் ஆகிறது, அதே குழியைத் திறந்தால் போதும். கமிட்டியில் அப்போதே பேசி வைத்தாயிற்று. அவர் கல்லில் கீழே பாதி இடம் காலியாக விட்டிருக்கிறேன், பார்த்திருப்பாய்.

வருகிற சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு ஏறிவிடு. ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் ஏழு மணி வெயிலைப் பிடித்துவிடலாம். வீட்டில் தூக்கிப் போட வைத்திருக்கும் பழைய டூத் பிரஷ் நாலைந்து கொண்டு வா. கண்ணாடி என்னிடம் இருக்கிறது.

உன்,
அத்தை