காற்றுக்கு வழிவிட்டால் டாங்கி நிறையும்

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் வாழ்வோருக்கு மோட்டார் சைக்கிளும் பழைய மகிழுந்தும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல. விடியற்காலையில் பால் வெட்டுக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், நோயுற்றோரைப் பட்டணத்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கவும் அவை இன்றியமையாதன. எண்ணெய் போடுவதற்கோ ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா போன்ற ஊர்களுக்குத்தான் போகவேண்டும்.

அங்கே சிலருக்கு ஒரு தொல்லை நேர்கிறது. முகப்பில் 40 வெள்ளி கட்டிவிட்டுப் பம்பின் குழல்முனையை டாங்கியின் வாயில் செருகுகிறார்கள். இரண்டு வெள்ளிக்குக்கூட எண்ணெய் இறங்கவில்லை. 'டக்' என்ற ஓசையுடன் பம்பு நின்றுவிடுகிறது. மீண்டும் அழுத்தினால் மீண்டும் நிற்கிறது. சில வேளைகளில் எண்ணெய் எதிர்த்துப் பீறிட்டுக் கையிலும் தரையிலும் சிந்துகிறது. டாங்கியே கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, புது டாங்கிக்கு ஒரு மாத ஊதியத்தில் பெரும்பகுதியைச் செலவிட்டவர்களும் உண்டு. ஆயினும், இத்தொல்லையின் காரணம் பெரும்பாலும் டாங்கியில் இல்லை; காற்று செல்லும் வழியில் இருக்கிறது.

அடிப்படை விதி

கெட்டிப்பால் டின்னில் ஒரே ஒரு துளையிட்டுக் கவிழ்த்தால் பால் சரியாக வருவதில்லை. எதிர்ப்புறத்தில் இரண்டாவது துளை இட்டதும் தடையின்றி ஒழுகுகிறது. பால் வெளியேற வேண்டுமானால் அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே புக வேண்டும்.

டாங்கியை நிரப்பும்போது இதுவே தலைகீழாக நடைபெறுகிறது. வெறும் டாங்கி உண்மையில் வெறுமையாக இல்லை. அதில் காற்றும் பெட்ரோல் ஆவியும் நிறைந்திருக்கின்றன. 30 லிட்டர் எண்ணெய் உள்ளே செல்ல வேண்டுமானால் 30 லிட்டர் காற்று வெளியேறியாக வேண்டும். அதற்கென மகிழுந்துகளில் நிரப்பு குழாயை ஒட்டி மெல்லிய காற்றுக் குழாய் ஒன்று அமைந்துள்ளது. அது அடைபட்டால் காற்று எண்ணெயை எதிர்த்துக்கொண்டு அதே வாயில் வழியே வெளிவர முயல்கிறது.

பம்பு தானாக நிற்பது ஏன்?

குழல்முனையின் நுனியருகே ஒரு சிறு துளை இருப்பதைக் காணலாம். எண்ணெய் ஓடும் வேகத்தால் உள்ளே ஓர் உறிஞ்சல் உண்டாகி, அத்துளை வழியே காற்று இழுக்கப்படுகிறது. குறுகிய வழியில் வேகமாக ஓடும் திரவத்தின் அழுத்தம் குறையும் என்பதை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் வெஞ்சூரியின் பெயராலேயே இவ்வமைப்பு வழங்குகிறது. எண்ணெய் மேலேறி அத்துளையை மூடியதும் காற்று வருவது நின்று, உறிஞ்சல் மிகுந்து, விசை விடுபடுகிறது.

பம்புக்கு டாங்கி நிறைந்ததா, இல்லையா என்பது தெரியாது. அத்துளை நனைந்ததா என்பது மட்டுமே தெரியும். காற்று வெளியேற வழியின்றிக் குழாயில் எண்ணெய் தேங்கினாலும், நுரை பொங்கினாலும் அது நின்றுவிடும்.

மோட்டார் சைக்கிளில்

கப்சாய் வகை வண்டிகளின் டாங்கி சிறியது. இருக்கைக்கு அடியில் உள்ளது. விசையை முழுமையாக அழுத்தினால் நுரை எழுந்து பம்பு நிற்கும். குழல்முனையை மிக ஆழமாகச் செருகாமல், விசையைப் பாதி அழுத்தி மெதுவாக ஊற்றினால் போதும்.

பல மோட்டார் சைக்கிள்களின் மூடியில் நுண்ணிய காற்றுத் துளை ஒன்று உண்டு. செம்மண் தூசியால் அது அடைபட்டால் நிரப்புவதில் தடை இராது. ஓட்டத்தில்தான் தடை தோன்றும். சில மைல் சென்றதும் இயந்திரம் திணறி நிற்கும். மூடியைத் திறந்து மூடினால் மீண்டும் ஓடும். இவ்வாறு நேர்ந்தால் முதலில் மூடியைத் துப்புரவு செய்க.

மகிழுந்திலும் வேனிலும்: ஐந்து படிகள்

செலவில்லாத சோதனையை முதலிலும் செலவுள்ளதை இறுதியிலும் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

1. வேறொரு நிலையத்துப் பம்பில் நிரப்பிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக இறங்கினால் குறை உங்கள் வண்டியில் இல்லை. இறங்காத எண்ணெய்க்குரிய மீதிப் பணத்தை முகப்பில் கேட்டுப் பெற மறவாதீர்.

2. குழல்முனையைச் சற்றுத் திருப்பி, சிறிது வெளியே இழுத்து, மெதுவாக ஊற்றுங்கள். மெதுவாக ஊற்றும்போது மட்டும் இறங்கினால் காற்றுக் குழாய் ஓரளவு அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

3. கணக்கிடுங்கள். டாங்கி 36 லிட்டர் கொள்ளும். முள் பாதியில் நிற்கிறது எனில், ஏறத்தாழ 18 லிட்டர் இறங்க வேண்டும். அவ்வளவும் இறங்கிய பின்னும் முள் மேலே ஏறாவிட்டால், பழுது டாங்கிக்குள் மிதந்து அளவு காட்டும் மிதவையில் அல்லது முள்ளில் உள்ளது. டாங்கியின் கொள்ளளவு வாகனக் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

4. வண்டியின் அடிப்புறத்தைப் பாருங்கள். காட்டுச் சாலையின் கல் பட்டு டாங்கி நசுங்கியிருக்கலாம். அண்மையில் செய்த பழுதுபார்ப்பில் இரப்பர்க் குழாய் மடிந்திருக்கலாம். சேறு அப்பியிருக்கலாம், குளவி மண்கூடு கட்டியிருக்கவும் கூடும்.

5. இவற்றில் குறை தெரியாவிடில் பட்டறைக்குச் செல்லுங்கள். கரிப்பெட்டியையும் அதன் காற்றுக் குழாயையும் கழற்றிச் சோதிக்குமாறு கேளுங்கள். அக்குழாயைக் கழற்றிய நிலையில் எண்ணெய் தடையின்றி இறங்கினால் டாங்கியை மாற்றத் தேவையில்லை.

கரிப்பெட்டி என்பது யாது?

பெட்ரோல் ஆவி காற்றில் கலந்து மாசுபடுத்தாதிருக்க, அதனை உறிஞ்சி வைக்கும் கரித்தூள் அடைத்த பெட்டியே அது. 1970ஆம் ஆண்டு வாகனங்களுக்குக் கலிபோர்னியாவிலும், 1971ஆம் ஆண்டு வாகனங்களுக்கு அமெரிக்கா முழுவதிலும் ஆவியைத் தடுக்கும் விதிகள் வந்தன. பின்னர் இவ்வமைப்பு பிற நாடுகளுக்கும் பரவியது. இயந்திரம் ஓடும்போது அந்த ஆவி இழுக்கப்பட்டு எரிக்கப்படுகிறது.

பம்பு நின்ற பிறகும் "கணக்கு முழுதாகட்டும்" என்று மேலும் மேலும் அழுத்துவோர் பலர். மிகையான எண்ணெய் அப்பெட்டிக்குள் புகுந்து கரியை நனைத்துவிடும். நனைந்த கரி காற்றை விடாது; அடுத்த முறை எண்ணெய் இறங்காது. எண்ணெய் போட்டவுடன் வண்டி கிளம்ப மறுப்பதும், பெட்ரோல் நெடி வீசுவதும் இதன் அறிகுறிகள்.

வெப்பத்தால் பெட்ரோல் பெருகும் என்பதையும் கருதுக. 10 பாகை வெப்பம் ஏறினால் 40 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 0.4 லிட்டர் பெருகும். அதற்கு டாங்கியில் இடம் வேண்டும்.

சிறு பூச்சியும் பெருந்தொல்லை தரும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2011இல் மஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் விற்ற மஸ்டா 6 வகை மகிழுந்துகளுள் ஏறத்தாழ 65,000ஐத் திரும்ப அழைத்தது. ஒருவகை மஞ்சள் நிறச் சிலந்தி, கரிப்பெட்டியின் காற்றுக் குழாயில் வலை பின்னி அதனை அடைத்துவிடுவதே காரணம். டாங்கிக்குள் உறிஞ்சல் மிகுந்து அது வெடிப்புற்றுக் கசியவும் கூடும் என அஞ்சப்பட்டது.

செய்யத் தகாதவை

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு ஊர்ந்து சாக்கடையிலும் படிக்கட்டின் அடியிலும் தங்கும். தொலைவிலுள்ள அடுப்பிலிருந்தும் தீப்பற்றும். ஆகவே வீட்டு வாசலில் டாங்கியைக் கழற்றுவதும், உள்ளே பார்க்கத் தீக்குச்சி கிழிப்பதும், அருகில் புகைபிடிப்பதும் உயிருக்கே உலை வைக்கும்.

குழாயை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சாதீர். ஒரு மிடறு நுரையீரலுக்குள் சென்றாலும் பெருந்தீங்கு விளையும். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

பம்பின் விசையில் டாங்கி மூடியைச் செருகிவிட்டு அப்பால் செல்லும் பழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். விசை விடுபடாமல் போனால் எண்ணெய் பெருகித் தரையெங்கும் ஓடும்.

நினைவிற் கொள்க

எண்ணெய் புக வேண்டுமானால் காற்று வெளியேற வேண்டும். பம்பு முதன்முறை 'டக்' என்றதும் நிறுத்துக. "டாங்கியை மாற்று" என்று யாரேனும் கூறினால், "காற்றுக் குழாயைப் பார்த்தீர்களா?" என்று முதலில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பாடுபட்டு ஈட்டிய பணத்தைக் காக்கும்.