சுயதொழில் பாடம்: பார்சல் போய்ச் சேரவில்லை என்றால்...

நம் தோட்டங்களில் இப்போது பல வீடுகளில் ஒரு சின்ன வியாபாரம் நடக்கிறது. காலையில் பெரட்டுக்குப் போய், நாள் முழுக்க மலையில் கொழுந்தெடுத்து, மாலையில் வந்து தையல் மெசினில் உட்காருகிற அக்காமார் இருக்கிறார்கள். குழந்தைச் சட்டை, சாரி ஜாக்கெட், பின்னல் தொப்பி, கறித்தூள் என்று செய்கிறார்கள். பிள்ளைகள் அதைப் போனில் படம் எடுத்து பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் போடுகிறார்கள். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஓடர் வருகிறது. கடை வாடகை இல்லை. நல்ல விஷயம்தான்.

ஆனால் சாமானை அனுப்பிச் சில நாள் கழித்து ஒரு மெசேஜ் வரும்: "அக்கா, பார்சல் இன்னும் வரலியே?" அங்கேதான் நமக்குக் கை கால் ஓடாமல் போகிறது. சிலர் பயந்து போனையே ஓஃப் பண்ணி வைத்துவிடுகிறார்கள். சிலர் உடனே காசைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு பார்சலும் போய்ச் சேர்ந்துவிட, சாமானும் இல்லாமல் காசும் இல்லாமல் நிற்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். இதைக் கையாள ஒரு முறை இருக்கிறது. அதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கொழுந்து நிறுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? தராசைப் பார்க்கிறோம். எத்தனை கிலோ எழுதுகிறார்கள் என்று பார்க்கிறோம். மாதக் கடைசியில் கிலோ குறைந்தால், கணக்கைக் குறித்து வைத்தவருடைய பேச்சுத்தான் நிற்கும். பார்சலும் அப்படித்தான். பார்சல் வழியில் தொலைவது நம் கையில் இல்லை. அதை அனுப்பியதற்கான துண்டு நம்மிடம் இருப்பது நம் கையில் இருக்கிறது.

ஒரு பார்சல் தொலைந்தால் எவ்வளவு நட்டம்?

ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சட்டையை 1,800 ரூபாவுக்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

துணி, நூல், பட்டன் – 1,000 ரூபா
பொதி சுற்றும் கவர் – 50 ரூபா
அனுப்பும் செலவு – 300 ரூபா
மொத்தச் செலவு – 1,350 ரூபா
நமக்கு மிச்சம் – 450 ரூபா

இந்தப் பார்சல் தொலைந்து, வாங்கியவருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தால், கையிலிருந்து போவது 1,350 ரூபா. அதைச் சரிக்கட்ட இன்னும் மூன்று சட்டை விற்க வேண்டும். மூன்று இரவு கண் விழித்துத் தைத்ததற்கு லாபம் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். துணி கடனுக்கு எடுத்திருந்தால் கஷ்டம் இன்னும் அதிகம். அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது.

அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியவை

1. முகவரியை முழுமையாக வாங்குங்கள். பெயர், வீட்டு இலக்கம், தெரு, ஊர், கிட்ட உள்ள தபாலகம், போன் இலக்கம் எல்லாம் வேண்டும். ஐந்து இலக்கத் தபால் குறியீட்டையும் கேளுங்கள். ஹட்டனுக்கு 22000, பதுளைக்கு 90000 என்று ஒவ்வொரு தபாலகத்துக்கும் ஒன்று இருக்கிறது. ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கிற நாடு இது. குறியீடு இருந்தால் பொதி வேறு ஊருக்குப் போகிற வாய்ப்புக் குறையும்.

2. சிங்களப் பகுதிக்கு அனுப்பும்போது முகவரியைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். வாங்குபவர் அனுப்பிய மெசேஜைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். எழுதியதைப் படம் எடுத்து அவருக்கே அனுப்பி, "இது சரியா?" என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

3. அனுப்புபவரின் முகவரியை விட்டுவிடாதீர்கள். வாங்குபவர் வீட்டில் இல்லாவிட்டால் பொதி நமக்குத்தான் திரும்பி வர வேண்டும். நம் லயங்கள் பலவற்றுக்கு இலக்கம் இல்லை. பல தோட்டங்களில் கடிதங்கள் தோட்ட ஒபிசுக்கு வந்து, அங்கிருந்துதான் கைக்குக் கைமாறி வருகின்றன. "மேல் பிரிவு" என்று மட்டும் எழுதினால் திரும்பி வந்த பொதி அங்கேயே ஒரு மூலையில் கிடக்கும். ஆகவே தோட்டத்தின் பெயர், பிரிவு, லயம், வீட்டுத் தலைவரின் பெயர், போன் இலக்கம் எல்லாவற்றையும் எழுதுங்கள். டவுனில் நம்பிக்கையான கடைக்காரர் ஒருவர் சம்மதித்தால் அவருடைய கடை முகவரியைக் கொடுப்பது இன்னும் நல்லது.

4. மலைநாட்டு மழை நமக்குத் தெரியும். முதலில் பொலித்தீன், அதற்கு மேல் தடித்த கவர். உள்ளேயும் ஒரு துண்டில் இரண்டு முகவரிகளையும் எழுதி வையுங்கள். வெளியே எழுதியது நனைந்து அழிந்தாலும் உள்ளே இருப்பது காப்பாற்றும்.

5. சாதாரணத் தபாலில் சாமான் அனுப்பாதீர்கள். கொஞ்சக் காசு மிச்சம்தான், ஆனால் தொலைந்தால் கேட்க ஒரு துண்டும் இல்லை. பதிவுத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பி, இலக்கம் போட்ட ரிசிட் வாங்குங்கள். விலை கூடிய சாமான் என்றால், தொலைந்தால் எவ்வளவு நட்டஈடு கிடைக்கும், காப்புறுதி செய்ய முடியுமா என்று கவுண்டரிலேயே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

6. ரிசிட்டை அங்கேயே நின்று படம் எடுத்துவிடுங்கள். கூரியர் ரிசிட்டின் எழுத்து சில வாரத்தில் மங்கிப்போகும்.

இவ்வளவையும் எழுதி வைக்க ஒரு பழைய கொப்பி போதும். திகதி, வாங்குபவர் பெயர், ஊர், சாமான், விலை, ரிசிட் இலக்கம், போய்ச் சேர்ந்த திகதி என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். எழுதப் பிள்ளைகள் உதவுவார்கள்.

தாமதமா, தொலைந்துவிட்டதா?

வராத பார்சல் எல்லாம் தொலைந்த பார்சல் அல்ல. பெரும்பாலும் எங்கோ தேங்கித்தான் கிடக்கும். போயா நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தபாலகம் மூடியிருக்கும். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் காலங்களில் பொதிகள் குவிந்துவிடும். 2025 ஆகஸ்ட் மாதம் தபால் ஊழியர்கள் ஒரு வாரமளவில் வேலைநிறுத்தம் செய்தார்கள், கடிதங்களும் பொதிகளும் மலைபோல் தேங்கின. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டின் ரோடுகளும் ரயில் பாதையும் மண்சரிவில் அடிபட்டதை நாம் மறக்க மாட்டோம். அப்படிப்பட்ட நேரத்தில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆகவே முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். கவுண்டரில் "நாலு நாளில் போகும்" என்று சொன்னால், வாங்குபவரிடம் "ஏழு நாள் ஆகும்" என்று சொல்லுங்கள். முன்னதாகவே கிடைத்தால் அவருக்குச் சந்தோஷம். அந்த ஏழு நாளும் கடந்தால் இப்படிச் செய்யுங்கள்:

முதலாவது, ரிசிட் இலக்கத்தை வைத்துப் பொதி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கூரியர் என்றால் போனிலேயே பார்க்கலாம். தபால் என்றால் நாம் அனுப்பிய தபாலகத்தில் கேட்கலாம்.

இரண்டாவது, வாங்குபவரைத் தன் ஊர்த் தபாலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். தபால்காரர் வந்த நேரம் வீட்டில் ஆள் இல்லாவிட்டால், அறிவித்தல் துண்டு ஒன்றை வைத்துவிட்டுப் பொதியைத் தபாலகத்தில் வைத்திருப்பார்கள். அந்தத் துண்டு காற்றில் பறந்திருக்கும். அடையாள அட்டையோடு போனால் பொதி கிடைக்கும். சில நாள் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே சீக்கிரம் போகச் சொல்லுங்கள்.

மூன்றாவது, "ஒப்படைத்தாச்சு" என்று காட்டியும் வாங்குபவர் கிடைக்கவில்லை என்றால், உடனே அவரைப் பொய்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டார், வேலைத்தலக் காவலாளி, போர்டிங் ஆட்கள் யாராவது வாங்கி வைத்திருக்கலாம். யார் கையெழுத்துப் போட்டது என்று கூரியரிடமோ தபாலகத்திலோ கேளுங்கள். அந்தப் பெயர் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வாங்கியவரிடம் என்ன சொல்வது?

அவர் கேட்கும் முன் நாமே சொல்லிவிட வேண்டும். முகம் தெரியாத ஒருவருக்கு முன்கூட்டியே காசு போட்டவர் அவர். நாம் பேசாமல் இருந்தால், "ஏமாத்திட்டாங்க" என்றுதான் நினைப்பார். பேஸ்புக்கில் அப்படி ஒரு வரி எழுதினால் நம் வியாபாரம் அதோடு படுத்துவிடும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு செய்யவும் அவருக்கு வழி இருக்கிறது.

இப்படிச் சொல்லலாம்: "தம்பி, உங்க பார்சலை 5ஆம் திகதி அனுப்பினேன். ரிசிட் படம் இதோ. இன்னைக்கு தபாலகத்துல விசாரிச்சேன். வெள்ளிக்கிழமை மறுபடி கேட்டு உங்களுக்குச் சொல்றேன்." பாருங்கள், இதில் மன்றாட்டமும் இல்லை, சண்டையும் இல்லை. என்ன செய்தோம், அடுத்து என்ன செய்வோம், எப்போது சொல்வோம் என்ற மூன்றும் இருக்கின்றன. சொன்ன வெள்ளிக்கிழமை, புதுச் செய்தி ஒன்றும் இல்லாவிட்டாலும் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

அந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, போனில் எழுதியது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியை மதிப்பில்லாதது என்று தள்ள முடியாது.

முறைப்பாடு எழுதுவோம்

ரிசிட் நம் பெயரில் இருக்கிறது. ஆகவே முறைப்பாடு செய்ய வேண்டியவர் நாம்தான். வாங்கியவரை அலைய விடக்கூடாது. வாயால் சொல்லிவிட்டு வந்தால் அடுத்த நாள் கவுண்டரில் வேறு ஆள் இருப்பார். எழுத்தில் கொடுங்கள். தபால் திணைக்களத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது.

மாதிரிக் கடிதம்:

*தபாலதிபர் அவர்கள்,*
*(தபாலகத்தின் பெயர்)*

*ஐயா / அம்மணி,*

*பொதி கிடைக்காதது பற்றிய முறைப்பாடு*

*(திகதி) அன்று தங்கள் தபாலகத்தில் (இலக்கம்) இலக்கப் பொதியை (பெறுபவரின் பெயர், முகவரி) என்பவருக்கு அனுப்பினேன். உள்ளே இருந்தது (சாமான்). அதன் பெறுமதி (தொகை) ரூபா. இன்றுவரை அது கிடைக்கவில்லை என்று பெறுபவர் அறிவித்துள்ளார். பொதி எங்குள்ளது என விசாரித்து எழுத்தில் அறிவிக்குமாறும், தொலைந்திருந்தால் எனக்குரிய நட்டஈட்டைப் பெற வழி செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.*

*(பெயர், முகவரி, போன் இலக்கம், கையொப்பம், திகதி)*

அசல் ரிசிட்டைக் கொடுத்துவிடாதீர்கள், போட்டோ கொப்பி மட்டும் கொடுங்கள். கடிதத்திலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "கிடைத்தது" என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள். கூரியர் கம்பெனிக்கும் இதே மாதிரி எழுதலாம். காசுப் பிணக்கு இழுத்துக்கொண்டே போனால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபையிடமும் போகலாம். அங்கே வக்கீல் பிடிக்கத் தேவையில்லை.

காசைத் திருப்பிக் கொடுப்பதா?

தாமதம் மட்டும் என்றால் கொடுக்கத் தேவையில்லை. திகதி சொல்லிப் பொறுக்கச் சொல்லலாம். வாங்குபவர் பிழையான முகவரி தந்திருந்தால், மறுபடி அனுப்பும் செலவு அவருடையது. வழியில் தொலைந்துவிட்டது என்று உறுதியானால், அவருக்கு அதே மாதிரி சாமானோ காசோ கொடுத்துவிடுவதே நல்லது. நட்டஈடு பிறகு நம் பக்கம் வரட்டும். ஒரு வாடிக்கையாளரைக் காப்பாற்றினால் அவர் பத்துப் பேரிடம் சொல்வார்.

ஆனால் இந்த ஒழுங்குகளை ஓடர் எடுக்கும்போதே மெசேஜில் எழுதிவிட வேண்டும். 1896ஆம் ஆண்டிலிருந்து வரும் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், விற்பவரும் வாங்குபவரும் பேசிக்கொண்ட நிபந்தனைக்கு இடம் கொடுக்கிறது. பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

இன்னொன்று. ஒவ்வொரு பார்சலிலும் 50 ரூபாவைத் தனியாக ஒரு டின்னில் போடுங்கள். 27 பார்சலில் 1,350 ரூபா சேர்ந்துவிடும். ஒன்று தொலைந்தாலும் அடுப்பில் கை வைக்காது.

சாமானைக் கொடுத்துக் காசு வாங்கும் 'கேஷ் ஒன் டெலிவரி' முறையில் அனுப்புபவர்கள் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: காசு எத்தனை நாளில் நம் கைக்கு வரும்? வாங்குபவர் வேண்டாம் என்று சொன்னால் திருப்பி வரும் செலவு யாருடையது?

எச்சரிக்கை!

"உங்கள் பொதி தடைப்பட்டுள்ளது, சிறு கட்டணம் கட்டுங்கள்" என்று ஒரு லிங்கோடு மெசேஜ் வரும். தபால் திணைக்களத்தின் பெயரும் போட்டிருக்கும். பார்சலைத் தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில் நாம் இதை நம்பிவிடுவோம். இது மோசடி என்று தபால் திணைக்களமே எச்சரித்திருக்கிறது. அந்த லிங்கைத் தொடாதீர்கள். வங்கி அட்டை இலக்கத்தையும், போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். சந்தேகம் என்றால் ரிசிட்டை எடுத்துக்கொண்டு நேரே தபாலகத்துக்குப் போங்கள்.

கலந்து பேசுவோம்

மாதர் சங்கக் கூட்டத்திலோ லயத்து வாசலிலோ நாலு பேர் கூடும்போது இவற்றைப் பேசிப் பாருங்கள்:

1. நம் வீட்டு முகவரியை ஒரு தாளில் எழுதுங்கள். வெளியூர்க்காரர் ஒருவர் அதை வைத்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்து சேர முடியுமா?
2. தோட்ட ஒபிசுக்கு வரும் பொதிகளை வாங்கி, ஒரு கொப்பியில் கையெழுத்தோடு பதிந்து கொடுக்க, ஒவ்வொரு பிரிவிலும் ஒருவரை நியமிக்கலாமா?
3. ஒரே லயத்தில் மூன்று நாலு பேர் வியாபாரம் செய்தால், கிழமைக்கு ஒரு நாள் எல்லோருடைய பார்சலையும் ஒருவர் கொண்டுபோய் அனுப்பலாமா? ஒரு நாள் பேர் விழாமல் போவது மற்றவர்களுக்கு மிச்சமாகுமே?
4. இதுவரை அனுப்பிய பார்சல்களில் எத்தனைக்கு ரிசிட் கையில் இருக்கிறது? இன்றைக்கே எடுத்து, கொப்பியில் ஒட்டி வையுங்கள்.